ஏழு பேருக்கும் நாலு வயசு

பிரித்திகா: ...அதெல்லாம் சரி சார். அந்த ஏழு பேரும் இப்ப எங்கே?

மாரிச்சாமி: எந்த ஏழு பேரு?

பிரித்திகா: உங்க வீட்டு விருந்தாளிங்க. டிவியோட மாட்டின கணக்குப் பெட்டியில தினமும் பட்டன் அமுக்குறீங்களே... ஏழு பேர் பார்க்குறாங்கன்னு.

மாரிச்சாமி: ஓ, அவியளா... அவிய வருவாவ, போவாவ. ஏட்டி பூங்கொடி, மேடத்துக்குத் தண்ணி குடுத்தியா?

பூங்கொடி: நீட்டிக்கிட்டேதான் நிக்கேன். அவிய வாங்க மாட்டேங்காவ. ஏன் மேடம், தொண்டைக்கு என்ன? காதுக்குள்ள ரகசியம் சொல்லுத மாதிரி பேசுதீங்க...

பிரித்திகா: தொண்டை கட்டியிருக்கு.

பூங்கொடி: மாஸ்க்கையாவது கழத்தலாம்லா. இங்கன கரிசக்காட்டுல தூசி எங்க இருக்கு, மழை பேஞ்சு சகதிதான் கெடக்கு.

பிரித்திகா: இருக்கட்டும். சார், யார் யார் டிவி பார்க்குறாங்கன்னு கணக்கெடுக்குற அந்தப் பெட்டி கம்பெனியில இருந்து வர்றேன், பேரு பிரித்திகான்னு வாசல்லயே சொன்னேன்...

மாரிச்சாமி: சொன்னீங்க. நாங்களும் சரின்னு கேட்டுக்கிட்டோம்.

பிரித்திகா: பெட்டி மாட்ட வந்தவர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?

மாரிச்சாமி: ஒண்ணாம் நம்பரு பட்டன் எனக்கு, ரெண்டாம் நம்பரு இவளுக்கு. வெளியாளு வந்து பார்த்தா விருந்தாளி பட்டன். ஆம்பளையா பொம்பளையா, வயசு என்னன்னு போடணும். எழுந்திரிச்சுப் போயிட்டா அணைச்சிரணும். ஒரு நாளு தவறல மேடம். காய்ச்ச வந்த அன்னைக்குக்கூட அமுக்கியிருக்கேன்.

பூங்கொடி: பெத்த தகப்பன் பேச்சைக்கூட இவிய அப்படிக் கேட்டதில்ல.

பிரித்திகா: நல்லது. இந்தப் பக்கம் மானாவாரி ஊர் அத்தனைக்கும் சேர்த்து இந்த ஒரு வீட்டுலதான் பெட்டி இருக்கு. நீங்க ஒருத்தர் பார்த்தா பல ஆயிரம் பேர் பார்த்த மாதிரி.

மாரிச்சாமி: அப்ப... அந்த ஏழு பேரு?

பிரித்திகா: ஒரு டவுனே உட்கார்ந்து பார்க்குற மாதிரி! சென்னையில சேனல் மீட்டிங் ரூம்ல பெரிய பலகை வச்சு, உங்க ஊர் பேரைப் போட்டு 'புதூர் ஏழு பேர்'னு எழுதிப் போட்டிருக்காங்க. அந்த டான்ஸ் போட்டி இருக்குல்ல, சினிமாக்காரங்க, சீரியல்காரங்க ஆடுறது... அதுல என்ன பாட்டு, என்ன லைட்டு, யாரு ஜெயிக்கணும், எல்லாமே அந்த ஏழு பேர் எந்த நிமிஷத்துல எழுந்து போறாங்கன்னு பார்த்துத்தான்.

பூங்கொடி: யாத்தே... அம்புட்டுப் புகையும், அம்புட்டு ஜிகினாவும், அந்தச் சனியனுங்களுக்காகவா?

மாரிச்சாமி: நீ செத்த சும்மா கெட.

பிரித்திகா: குழந்தைங்களைச் சனியன்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்.

மாரிச்சாமி: எந்தக் குழந்தைய?

பிரித்திகா: நீங்கதானே போட்டிருக்கீங்க. ஆண் ரெண்டு, பெண் அஞ்சு. ஏழு பேருக்கும் நாலு வயசு.

மாரிச்சாமி: அது... ஆமா. நாலுக்குக் கீழ போட்டா பெட்டி வாங்க மாட்டேங்கு.

பிரித்திகா: அதுக்கும் கீழயா! கைக்குழந்தைங்களா?

மாரிச்சாமி: கைக்குழந்தன்னு இல்ல... நடக்கும். நல்லா ஓடும்.

பூங்கொடி: மேடம், காலைத் தூக்குங்க! பூரான்! பூரான்!

பிரித்திகா: எங்கே?

பூங்கொடி: ...போயிட்டு. ஏன் மேடம், பூரான்னு சொன்னா ஒரு சத்தமும் போட மாட்டீங்களா? எங்க ஊருப் பொம்பளைக எட்டூருக்குக் கேக்க அலறுவாளுக.

பிரித்திகா: எனக்குக் கத்துற பழக்கம் இல்ல. இந்தாங்க, இதை அந்தக் குழந்தைங்களுக்குக் குடுங்க.

பூங்கொடி: என்னது? கடம்பூர் போளி! ஏழு பொட்டலம்... கம்பெனியில குடுத்து விட்டாவளா?

பிரித்திகா: இல்ல, நானா வாங்கினேன். சும்மா... அதுங்களை ஒரு தடவை பார்க்கணும் போல இருந்துச்சு.

மாரிச்சாமி: நீங்க பார்க்காம இருக்கதுதான் நல்லது மேடம்.

பிரித்திகா: ஏன்? பயந்துடுமா? யாரைப் பார்த்தாலும் பயமா, இல்ல... அந்த ஜட்ஜைப் பார்த்து மட்டும்தானா?

மாரிச்சாமி: எந்த ஜட்ஜி?

பிரித்திகா: நட்சத்திரா. 'பத்திக்கிச்சே'ன்னு கத்துவாங்களே. அவங்க வாயைத் திறந்த அடுத்த நொடி ஏழு விருந்தாளியும் அணைஞ்சு போகுதுன்னு கணக்குல இருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, இருபத்தாறு நாள். நாலு வயசுக் குழந்தைங்க ஏழு பேரு அலறி அடிச்சு ஓடுதுங்க, இந்தப் பொம்பளை குரலே ஆகாதுன்னு சொல்லித்தான்... அவங்களை எடுத்துட்டாங்க.

பூங்கொடி: கேட்டீங்களா? கேட்டீங்களா இவிய பண்ணின காரியத்த? அன்னைக்கே சொன்னேனா இல்லியா!

மாரிச்சாமி: ஏட்டி...

பூங்கொடி: என்ன ஏட்டி? அவியளத் தூக்கிட்டு ஒரு புது ஆளைக் கொண்டாந்து உக்கார வச்சிருக்காவ பாருங்க மேடம். வாயைத் தொறந்தா தாலாட்டு. 'அருமை... இனிமை...'ங்கான். பாட்டும் எல்லாம் அழுகைப் பாட்டா ஆயிட்டு. அதைக் கேட்டுக்கிட்டு அதுக பாட்டுக்கு நின்னு நிதானமா...

மாரிச்சாமி: மேடம், வத்தல் கடிச்சுப் பாக்கீங்களா? விளாத்திகுளத்து முண்டு மொளகா வத்தல். நாக்குல வச்சா உச்சந்தலையில ஏறும்.

பிரித்திகா: பேச்சை மாத்தாதீங்க சார்.

மாரிச்சாமி: ஒண்ணே ஒண்ணு. உறைச்சா நல்லா வாயைத் தொறந்து கத்திக்கிடுங்க, இங்கன யாரும் தப்பா நினைக்க மாட்டாவ.

பிரித்திகா: வேணாம். டிவி எங்கே? செவுத்துல ஆணி மட்டும் இருக்கு.

மாரிச்சாமி: ஏட்டி, அந்த வத்தல மேடம் பக்கம் நவுத்து.

பிரித்திகா: சார், டிவி எங்கே?

மாரிச்சாமி: தோட்டத்துல.

பிரித்திகா: தோட்டத்துலயா!

மாரிச்சாமி: பம்புசெட்டு ரூமுக்கு வெளிய, கட்டில் மேல. பெட்டியையும் கொண்டு போயிட்டேன் மேடம். டிவிய விட்டுப் பெட்டியப் பிரிக்கவே கூடாதுன்னு மாட்ட வந்தவரு கண்டிச்சுச் சொல்லியிருந்தாரு.

பிரித்திகா: குழந்தைங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கு மறு ஒளிபரப்பைத் தோட்டத்துல பார்க்குதுங்களா? பனியில? பெத்தவங்க எங்கே?

மாரிச்சாமி: தாய் கூட வரும். அந்த அஞ்சு பொம்பளையில ஒண்ணு தாய்தான்.

பிரித்திகா: தாய்க்கும் நாலு வயசா?

மாரிச்சாமி: இருக்கும்... மூணரை, நாலு.

பிரித்திகா: என்ன சார் கிண்டலா?

பூங்கொடி: பன்னி மேடம்!

பிரித்திகா: என்ன?

பூங்கொடி: காட்டுப்பன்னி! எங்க வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தான், கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலே எவனும் இந்தச் சகதியில வாரதில்ல. மக்காச்சோளத்துல கதிரு பால் புடிச்சு நிக்கி. குடும்பத்தோட வந்து மேயுதுக. பழைய சேலையச் சுத்திக் கட்டினோம். சலூன்ல இருந்து முடிய அள்ளியாந்து வரப்புல தூவினோம். வெடி போட்டோம், ரெண்டு நாளுல பழகிட்டு. கடைசியில இவிய டிவியத் தூக்கிட்டுப் போனாவ.

மாரிச்சாமி: மொதல்ல செய்தி போட்டேன். நாலு பேரு உக்காந்து சண்டை போட்டானுக. பன்னி நின்னு கேட்டுட்டு மேஞ்சுது. சீரியல் போட்டேன், கிட்ட வந்துட்டு. அப்புறம் இந்த டான்ஸ் போட்டி. அந்தம்மா 'பத்திக்கிச்சே'ன்னு ஒரு கத்து கத்தினாவ பாருங்க... தாய்ப்பன்னி விளாத்திகுளம் ரோட்டத் தாண்டித்தான் நின்னுச்சு.

பிரித்திகா: அப்ப... விருந்தாளி பட்டன்...

மாரிச்சாமி: டிவி முன்னால வந்து நிக்கி. பார்க்கு. அமுக்காம இருந்தா பொய்க் கணக்கு ஆயிடும்லா? ஓடினதும் அணைச்சேன். மனுசன மட்டும் போடுன்னு அவரு சொல்லவே இல்ல மேடம்.

பிரித்திகா: குழந்தைங்க இல்ல.

பூங்கொடி: ஒண்ணுகூட இல்ல.

பிரித்திகா: ஏழும் பன்னி.

மாரிச்சாமி: தாயும் ஆறு உருப்படியும்.

பிரித்திகா: பன்னி... என் குரலைக் கேட்டு ஓடினது பன்னி... ஐயோ... யப்பப்பப்பா... பத்திக்கிச்சேஏஏஏஏ!

பூங்கொடி: ஏங்க! அவியதான்! அதே சத்தம்!

மாரிச்சாமி: அவியதான். ஒரு சுதி குறையல.

பிரித்திகா: மன்னிச்சிடுங்க... தன்னால வந்துருச்சு. ஒரு மாசமா வாயைத் திறக்கல. நான் கம்பெனி ஆள் இல்ல. நட்சத்திரான்னு சேனல் வச்ச பேரு. பிரித்திகாதான் என் பேரு. சேனல்ல ஒருத்தர்கிட்டக் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன். ஏழு பிஞ்சு என் சத்தத்துக்கு நடுங்குதுன்னு கேட்டதுல இருந்து சோறு இறங்கல. அதுங்க கையைப் புடிச்சு, அத்தை நல்லவதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.

பூங்கொடி: அழாதீங்க மேடம். நாங்க மத்தியானமே கண்டுக்கிட்டோம்.

பிரித்திகா: எப்படி? மாஸ்க் போட்டிருந்தேனே!

பூங்கொடி: கடம்பூர்ல போளி தின்னு பாக்கக் கழத்தினீங்கள்லா. அங்கன எங்க கொழுந்தன் தங்கப்பாண்டி நின்னிருக்கான். நீங்க ஆட்டோ ஏறு முன்ன எங்களுக்குப் போன் வந்துட்டு.

பிரித்திகா: அப்புறம் ஏன் தெரியாத மாதிரி...

மாரிச்சாமி: முகத்த எப்படி நம்புதது? டிவியில பார்க்கது எல்லாம் பவுடரு. சத்தம் வந்தாத்தான் நிச்சயம். அதான் பூரான், வத்தலுன்னு... ஒண்ணுக்கும் மசியலையே நீங்க.

பிரித்திகா: பூரானே இல்லையா?

பூங்கொடி: பூரானும் இல்ல, ஒண்ணும் இல்ல.

பிரித்திகா: சார், இனிமே அந்த விருந்தாளி பட்டனை அமுக்காதீங்க. அது போதும். நான் திரும்ப நிகழ்ச்சிக்குப் போயிடலாம்.

மாரிச்சாமி: அமுக்கல. சத்தியம். ஆனா ஒண்ணு மேடம்... அந்த ஏழையும் எடுத்துட்டா, பலகையில என்ன இருக்கும்?

பிரித்திகா: நீங்க ரெண்டு பேரு இருப்பீங்களே. ஒண்ணு, ரெண்டு.

பூங்கொடி: நாங்க எங்க மேடம் பார்த்தோம்? டிவிக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் காட்டைப் பார்த்துல்லா உக்காந்திருப்போம்.

பிரித்திகா: வேற ஊர்ல யாராவது... யாருமேவா பார்க்கல?

மாரிச்சாமி: வேற ஊரு எங்களுக்குத் தெரியாது. இந்தப் பக்கம், அந்தத் தாய்ப்பன்னி ஒண்ணுதான் மேடம் முழுசாப் பார்த்தது. அதுவும் நீங்க வார வரைக்கும்தான்.

பிரித்திகா: எட்டு வருஷம்... எட்டு வருஷமா தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். யாருக்கு? நான் நல்லா இருக்கேனா இல்லையான்னு ஒரு மனுஷன் உட்கார்ந்து கேட்டிருக்கானா? நீங்களாவது பொய் சொல்லாம சொல்லுங்க. என் குரல் புடிக்குமா உங்களுக்கு?

மாரிச்சாமி: பொய் வராது மேடம் எனக்கு. காதுல ஊசி ஏத்துத மாதிரி இருக்கும்.

பூங்கொடி: ஏங்க!

மாரிச்சாமி: கேக்காவல்லா, சொல்லுதேன். ஆனா அந்த ஊசி இல்லாம ஒரு மாசமா இந்த ஊருல ஒரு பய ராத்திரி கண் மூடல, காட்டுக் காவல்தான்.

பிரித்திகா: ஏன்? பழைய நிகழ்ச்சியைப் போன்ல போட்டு ஸ்பீக்கர்ல வைக்கலாமே. அதுல என் கத்து நிறைய இருக்கு.

மாரிச்சாமி: வச்சோம். ஒரே கத்தாத் திரும்பத் திரும்ப வந்ததும் ஒரு வாரத்துல பழகிட்டு. அதுக்கும் புதுசு வேணும்லா.

பூங்கொடி: இவிய சோளத்துல பாதி போயிட்டு. கொம்பையா அண்ணாச்சி காட்டுல முக்காலும் போயிட்டு. மிச்சம் நிக்கத அறுத்தாத்தான் அவிய மக மாரிசெல்விக்குக் கல்யாணம்.

பிரித்திகா: நான் என்ன பண்ண முடியும்? என் நிகழ்ச்சியே பன்னிக்காக நடக்குது. அந்தப் பன்னிக்கே என்னைப் பிடிக்கல. நான் கிளம்புறேன். எனக்குன்னு பார்க்க ஒரு ஆள் கிடையாது.

மாரிச்சாமி: யாரு சொன்னா கிடையாதுன்னு? ஏட்டி, அந்தப் புறவாசக் கதவைத் தொற... மத்தியானம் போன் வந்ததுல இருந்து ஊரே அங்கன ஒளிஞ்சு நிக்கி மேடம், மூச்சு விடாம. நீங்கதான்னு நிச்சயமாகி நான் கதவைத் தொறந்தாத்தான் உள்ள வரணும்னு சொல்லி வச்சிருந்தேன். ஆளுக்கு ஒரு தடவ, அவியவிய காட்டுல வந்து நின்னு நீங்க கத்தணுமாம்.