களைப்பு டாக்சி

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். அக்டோபர் முதல் தேதி. பெரியவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆற்றங்கரைச் சாலை... பதினோரு மைல். நடுவில் சர்க்கரை ஆலை. அதைத் தாண்டினால் ஒரு ரயில்வே கேட். வேறு எதுவும் கிடையாது. நீங்கள் எல்லோரும் போயிருக்கிற சாலைதான். ஆனால் பகலில் போயிருப்பீர்கள்.

நெருப்புக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். ஏரிக் காற்று நான் பேசுவதைத் தூக்கிக்கொண்டு போகிறது. எமெட், அந்தச் சிப்ஸ் பையைக் கீழே வை. அது மொறுமொறுவென்று சத்தம் போட்டால் எனக்குக் கதை ஓடாது.

"சீனியர், பேய் உண்டா? இல்ல, மறுபடியும் அந்தச் சலுகைப் பட்டியலை வாசிக்கப் போறீங்களா?"

இரண்டும்தான், எமெட். சேர்ந்த அன்றைக்கு உங்களுக்கும் அந்தப் பட்டியலைக் கொடுத்திருப்பார்கள். வருடத்துக்கு நாலு வாரம் லீவு, பெரிய பக்கமான பெரியவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு, சின்னப் பக்கமான குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு. இரண்டு கேன்டீனிலும் செல்லும் சாப்பாட்டு அட்டை. இரண்டு பார்க்கிங். இரண்டு கிறிஸ்துமஸ் விருந்து. பெரியவர்கள் வைத்தியம், குழந்தைகள் வைத்தியம் இரண்டையும் நாலே வருடத்தில் படிக்க வந்த நமக்கு எல்லாமே இரண்டு இரண்டு. கோட் மாட்ட ஒரு அலமாரி கேட்டுப் பாருங்கள். "அந்தப் பக்கம் குடுப்பாங்களே" என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள்.

அந்தப் பட்டியலில் கடைசி வரி ஞாபகம் இருக்கிறதா? வண்டி ஓட்ட முடியாத அளவுக்குக் களைத்துப்போனால் டாக்சி இலவசம். அடையாள அட்டையைக் காட்டினால் போதும். நாங்கள் அதைக் களைப்பு டாக்சி என்போம்.

நான் ஏன் அதில் ஏறுவதில்லை என்று போன வாரம் கேட்டீர்களே. அதற்குத்தான் இந்தக் கதை.

என்னோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கும் ஹாலியின் பெரியம்மா மகள் பிரிட்டா. டாக்டர் பிரிட்டா. நம் படிப்பேதான். இந்த ஜூனில் முடித்துவிட்டுப் போய்விட்டார், அதனால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இது நடந்தபோது இரண்டாம் வருடம். ஹாலி என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கடைசித் துண்டு மட்டும் என்னுடையது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாம் பக்கம் மாறுவோம் இல்லையா... அந்த அக்டோபர் ஒன்றில் பிரிட்டா பெரிய பக்கத்திலிருந்து சின்னப் பக்கம் மாற வேண்டும். முந்தின நாள் மாலை ஏழு மணிக்கே நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டார். வேலை முடிந்தது. வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

காரணம் லூவான் என்ற பெண். முப்பத்தெட்டு வயது. சர்க்கரை ஆலைக்கான பீட்ரூட் அறுவடைக் காலத்தில் லாரி ஓட்டுகிறவர். இதயத் தசை தளர்ந்துபோகிற வியாதி. அதே வியாதி அவருடைய ஏழு வயதுப் பையன் டெவினுக்கும் இருந்தது. அம்மா இந்த ஆஸ்பத்திரியில், பிள்ளை அந்த ஆஸ்பத்திரியில். நடுவில் பதினோரு மைல். இரண்டு பேரையும் ஒரே டாக்டர் பார்க்கலாம் என்பதற்காகத்தானே நம்மைப் போன்றவர்கள் இருக்கிறோம். ஒரு வருடமாக இருவரையும் பார்த்துவந்தது பிரிட்டாதான்.

அன்று இரவு லூவான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"டாக்டர், காலைல அவனுக்கு நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுப் பாக்கறாங்க. ராத்திரி முழிச்சானா என்னைத் தேடுவான். தெரிஞ்ச முகமா நீங்க பக்கத்துல இருக்கணும்."

"இருப்பேன்," என்றார் பிரிட்டா.

லூவான் தலையணையில் சாய்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது. அப்புறம் சொன்னார்:

"நான் போற நேரத்துல எனக்கும் புது முகம் வேண்டாம். நீங்கதான் கையைப் பிடிச்சுக்கணும். சரியா?"

"சரி," என்றார் பிரிட்டா.

இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டார். வேறு எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நம் ஆட்களுக்கு இதுதான் வியாதி. இந்தப் பக்கம் கூப்பிட்டாலும் சரி, அந்தப் பக்கம் கூப்பிட்டாலும் சரி. மாட்டேன் என்று சொல்ல நாக்கு வளையாது. நானும் அப்படித்தான். நீங்களும் ஆறு மாதத்தில் அப்படி ஆகிவிடுவீர்கள்.

ஒன்றரை மணிக்கு லூவான் தூங்கினார். நாடித்துடிப்பு பரவாயில்லை. காலையில் மறுபடி வந்து பார்க்கலாம், இப்போது பையனிடம் போகலாம் என்று பிரிட்டா கிளம்பினார். இருபது மணி நேரமாகத் தூக்கமில்லை. கண் எரிந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டுக் களைப்பு டாக்சியைக் கூப்பிட்டார்.

டாக்சிக்காரர் வயதானவர். தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார். பிரிட்டாவின் கழுத்தில் தொங்கிய இரண்டு அட்டைகளில் ஒன்றைப் பார்த்தார். பயணச் சீட்டில் கையெழுத்து வாங்கினார். வண்டியை எடுத்தார்.

அக்டோபர் ஒன்று என்றால் இந்த ஊரில் என்ன? அறுவடை தொடங்குகிற நாள்; நள்ளிரவு தாண்டியதும் பீட்ரூட் லாரிகள் சாலையில் இறங்கிவிடும். சாலையெல்லாம் சேற்றுக் கட்டி. டயரின் அடியில் டப்... டப்... என்று உடையும். ஆலையிலிருந்து அந்த வாடை. ஈர மண்ணைப் பானையில் போட்டு வேகவைத்தது மாதிரி. கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வந்துவிடும்.

ரயில்வே கேட். டிங்... டிங்... டிங்... கட்டை இறங்கியது. சரக்கு ரயில் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அப்புறம் மெல்ல ஒரு முனகல்... நின்றுவிட்டது.

முன்னால் இரும்புச் சுவர். பின்னால் லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக. முன்னாலும் போக முடியாது. பின்னாலும் போக முடியாது.

"நீளமான வண்டிம்மா," என்றார் டாக்சிக்காரர். அவ்வளவுதான்.

அப்போது பேஜர் அடித்தது. பெரிய பக்கம். லூவானின் வார்டு. நோயாளிகளை எல்லாம் ஒப்படைத்தவர் பேஜர் அழைப்பை அடுத்த டாக்டருக்குத் திருப்பிவிட மறந்திருந்தார். பக்கம் மாறும் நாளில் நாம் எல்லோரும் ஒரு தடவையாவது மறப்பதுதான். எண்ணைப் படித்து முடிப்பதற்குள் மறுபடி அடித்தது. இந்தத் தடவை சின்னப் பக்கம். டெவினின் வார்டு.

முதலில் பெரிய பக்கத்துக்குப் போன் போட்டார்.

"நான் டாக்டர் பிரிட்டா பேசறேன். லூவானுக்கு என்ன ஆச்சு?"

அந்தப் பக்கம் ஓட்டம். யாரோ மருந்து வண்டியைத் தள்ளும் சத்தம். வார்டு கிளார்க் எரிச்சலோடு கேட்டாள்: "யாரும்மா நீங்க? டாக்டர் பிரிட்டா இங்கதான் நெஞ்சை அமுக்கிட்டு இருக்காங்க. லைனை வைங்க, ப்ளீஸ்."

"இல்ல... நான்..."

பின்னாலிருந்து எண்ணும் குரல் கேட்டது. இருபத்தாறு... இருபத்தேழு... இருபத்தெட்டு... பிரிட்டாவின் குரல். எண்ணிக்கொண்டிருந்த குரல் நடுவில் ஒரு தடவை இருமியது. வறட்டு இருமல். டாக்சிக்குள் உட்கார்ந்திருந்த பிரிட்டாவுக்கு... தொண்டை கரகரத்தது. அதே இருமல். ஒரு விநாடி தாமதமாக.

லைன் போய்விட்டது.

உடனே சின்னப் பக்கத்துக்குப் போட்டார். நர்ஸ் எடுத்தாள். கிசுகிசுவென்று பேசினாள்.

"மெல்லப் பேசுங்க. பையன் இப்பத்தான் அடங்கறான். டாக்டர் பிரிட்டா பக்கத்துலயே உக்காந்து தட்டிக் குடுத்துட்டு இருக்காங்க. நீங்க யாரு, வீட்டு ஆளா?"

போனுக்குள் பையனின் குரல், தூக்கக் கலக்கத்தில்:

"அம்மா வந்துட்டாங்களா?"

பிரிட்டாவின் சொந்தக் குரலே பதில் சொன்னது.

"வந்துட்டு இருக்காங்க கண்ணா."

பிரிட்டா கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ரயிலின் ஓரமாக ஓடினார். முடிவு தெரியவில்லை. திரும்பி மறுபக்கம் ஓடினார். அங்கும் முடிவில்லை. வெறும் பெட்டிகள். பெட்டியின் இரும்பில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார். தள்ளினார். ரயிலைத் தள்ளினாராம்... ஹாலியிடம் சொல்லும்போது அந்த இடத்தில்தான் அழுதார். "எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல," என்றாராம். உள்ளங்கை முழுக்கத் துரு. பனிக்காற்று. டிங்... டிங்... டிங்... லாரிக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ரயில் நகர்ந்தது.

மறுபடி டாக்சியில் ஏறி, சின்னப் பக்கத்தில் இறங்கி மாடிக்கு ஓடினார். நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "கை கழுவிட்டு வந்துட்டீங்களா?" டெவின் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலருகே நாற்காலி. தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. பையனின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அதில், மணிக்கட்டுக்கு மேலே, காய்ந்துபோன ஒரு துருத் தடம். ஐந்து விரல்.

லூவான் இரண்டு முப்பத்தொன்றுக்கு இறந்துவிட்டார். இறப்புத் தாளில் பிரிட்டாவின் கையெழுத்து. நெஞ்சை அமுக்குவதை நிறுத்திய பிறகு கடைசி வரைக்கும் டாக்டர் அந்தம்மா கையை விடவே இல்லை, இப்படி ஒரு டாக்டரைப் பார்த்ததில்லை என்று அந்த வார்டில் வருடக்கணக்கில் பேசினார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். பிரிட்டா எதையும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பது? அந்த அம்மாளின் கை வெறுமனே இருந்தது என்று அவரே சொல்ல வேண்டுமா?

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மாதக் கடைசியில் பாட் கூப்பிட்டார். ஆமாம், நம் ஆபீஸ் பாட்தான், மேசையில் மிட்டாய்க் கிண்ணம் வைத்திருப்பாரே, அவர். நாம் வேலை செய்கிற மணிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. பெரிய பக்கத்துக்குத் தனிப் பதிவு, சின்னப் பக்கத்துக்குத் தனிப் பதிவு. மாதக் கடைசியில்தான் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

"பிரிட்டா கண்ணு, இதைப் பாரேன். ஒண்ணாம் தேதி ரெண்டு முப்பத்தொண்ணு. பெரிய பக்கம் உன் கையெழுத்து இருக்கு. சின்னப் பக்கம் உன் அட்டை உள்ள போயிருக்கு. அதே நேரத்துக்கு டாக்சிச் சீட்டும் இருக்கு. மூணு இடத்துல எப்படிம்மா இருப்பே? நடந்ததை வச்சிட்டு மத்ததை அழிச்சிடு. இல்லேன்னா மேல கேள்வி வரும்."

சொல்லிவிட்டுப் பாட் காபி எடுக்கப் போய்விட்டார். திரையில் மூன்று வரி. பிரிட்டா ஒவ்வொன்றாகப் படித்தார்.

நடந்தது டாக்சிதான். அது அவருக்குத் தெரியும். ஆனால் முதல் வரியை அழித்தால் லூவான் தனியாகச் செத்தவர் ஆகிவிடுவார். இரண்டாவது வரியை அழித்தால் பையன் இருட்டில் தனியாக விழித்தவன் ஆகிவிடுவான். இருவருக்கும் சரி என்று சொன்னவர் அவர்.

டாக்சி வரியை அழித்துவிட்டார், அதில் உட்கார்ந்திருந்த பிரிட்டாவையும் சேர்த்து.

"இரண்டு வரி மிச்சம் இருக்குமே?" என்று கேட்கிறாய், எமெட். இருந்தது. பாட் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கம்தானே, உங்க ஆளுங்களுக்கு அது சகஜம்," என்று சிரித்து, கீழே முத்திரை வைத்துவிட்டார்.

இதுவரை ஹாலி சொன்னது.

போன வருடம் அக்டோபர் ஒன்று. நான் பெரிய பக்கத்தில் இரவு வேலை. லூவான் இருந்த அதே வார்டு. பிரிட்டா அப்போது நாலாம் வருடம், அன்றைக்கு என்னோடு அவர்தான் சீனியர். கிளார்க் சாப்பிடப் போயிருந்தாள். வார்டு அமைதியாக இருந்தது. பிரிட்டா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

மேசைப் போன் அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. இரண்டு முப்பத்தொன்று.

எடுத்தேன். முதலில் காற்று. பிறகு டிங்... டிங்... டிங்... பிறகு மூச்சு இரைக்க ஒரு குரல்.

"டாக்டர் பிரிட்டா பேசறேன். டாக்சில வந்துட்டு இருக்கேன். ரயில் நிக்குது... நகரவே மாட்டேங்குது. லூவானுக்கு எப்படி இருக்கு? நான் வர்ற வரைக்கும்... யாராவது அவங்க கையைப் பிடிச்சுக்கோங்க. தயவுசெஞ்சு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிடித்துக்கொண்டாகிவிட்டது, நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம். இந்த ஒரு வருடமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என் வாயில் வந்தது வேறு. ஒவ்வொரு வருடமும் அந்தப் போனை எடுக்கிறவர்கள் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

"டாக்டர் பிரிட்டா இங்கதான் இருக்காங்க. நீங்க யாரு?"

அந்தப் பக்கம் ஒரு இருமல். வறட்டு இருமல். லைன் போய்விட்டது.

குழாயடியில் பிரிட்டா இருமினார். ஒரு விநாடி தாமதமாக. திரும்பவில்லை.

"ரயில் இன்னும் நிக்குதாமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். தொட்டியில் ஓடிய தண்ணீர் துரு நிறத்தில் இருந்தது.