பின்னே ஓர் அடி வைக்கச் சொன்ன சீட்டு

பெயர் ஜாக்குலின், வயது 46, கணவர் சந்தியாகு, இருப்பு மும்பை சீத்தா கேம்ப். தாராவியில் ஓர் அறக்கட்டளைப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆசிரியை. சென்ற ஜூன் மாதம் பள்ளி நிர்வாகக் குழு மூன்று முறை கூடி, வாக்கெடுப்பும் நடத்தி, சமத்துவப் பாடப்பெட்டியின் சாவி ஷைனி டீச்சரிடம் இருக்கும் என்று தீர்மானித்தது. ஷைனி ஒப்பந்த ஆசிரியை, வந்து ஒன்பது மாதம்.

பெட்டி வெளிநாட்டு நன்கொடை. பலவிதத் தோல் நிறங்களில் கிரேயான்களும் பொம்மைகளும் கேள்விச் சீட்டுகளும் இருந்தன. பிள்ளைகள் ஒரு கோட்டில் நிற்க, சீட்டில் கேட்டது தனக்கு இருந்தால் ஓர் அடி முன்னே போகலாம். உனக்குத் தனி அறை உண்டா, வீட்டில் தோட்டம் உண்டா என்று கேட்டதில் ஆறாம் வகுப்பின் முப்பத்தொன்பது பேரும் அசையவில்லை. அதன் பிறகு ஷைனி தானே சீட்டு எழுதினார்: வீட்டுக்குள் குழாய் உண்டா, ரயிலில் உன்னை மதராசி என்றார்களா. அதன் பிறகு பிள்ளைகள் அந்தப் பாடத்தை விட மனமில்லாமல் இடைவேளைக்கும் வெளியே வரவில்லை. அதன் பிறகு தலைமை ஆசிரியர் பிரம்மநாயகம் என்னிடம், "ஜாக்குலின் டீச்சர், நீங்களும் ஒருநாள் போயி உக்காந்து பாருங்களேன். கத்துக்கிறதுக்கு வயசா இருக்கு?" என்றார். அன்று நான் டிபனைத் திறக்கவில்லை.

ஷைனியின் அப்பா மாநகராட்சியில் சாக்கடை அள்ளியவர். இதை ஷைனி ரயிலில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஜூலை 8 அன்று நன்கொடையாளர்கள் வந்து பார்த்த பிறகு அவரை நிரந்தரம் செய்வதாக இருந்தது. அன்று காலை மேசையிலிருந்த சீட்டுகளின் மேல் நான் ஒன்றை எழுதி வைத்தேன்: வீட்டில் யாராவது சாக்கடை அள்ளுகிறவர் என்றால் ஓர் அடி பின்னே வா.

எடுத்த சீட்டை மாற்றக்கூடாது, ஆசிரியர்களும் கோட்டில் நிற்க வேண்டும் என்பது விதி. அன்று நானும் நின்றேன். ஷைனி வாசித்தார், இந்தியிலும் சொன்னார். மூன்று பிள்ளைகள் தலை குனிந்து ஓர் அடி பின்னே வைத்தார்கள். அதன் பிறகு ஷைனி அவர்களிடம் போய், "எங்கப்பாவும் அந்த வேலதான் பாத்தாவ. நாம இங்கனயே நிப்போம் பிள்ளைகளா" என்றார். அதன் பிறகு மற்ற முப்பத்தாறு பேரும் பின்னே போனார்கள். கோட்டில் நான் மட்டும் நின்றேன். விருந்தினர்கள் படம் எடுத்தார்கள்.

அந்த மூவரில் ஒரு பெண்ணின் அப்பா நாகராஜ், அக்கம்பக்கத்தில் ஆபீஸ் பியூன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். மறுநாள் பள்ளிக்கு வந்து, "எம்பிள்ளைகிட்ட என் வேலைய நாலு பேரு முன்னால எதுக்கு கேக்கணும்?" என்றார். அதன் பிறகு இங்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். சீட்டை எழுதியது யாரென்று குழு கேட்டபோது ஷைனி, பெட்டி தன் பொறுப்பு என்றார். நான் அந்த அறையில் இருந்தேன், எதுவும் சொல்லவில்லை. எழுதியது நான்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் வற்புறுத்தவில்லை.

ஒப்பம்: ஜாக்குலின், ஜூலை 21.

பதிவு செய்தவர் குறிப்பு: ஷைனியின் ஒப்பந்தம் ஜூலை 14 அன்று ரத்தானது. சமத்துவப் பெட்டிக்கான பாடவேளையில் இப்போது ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடக்கிறது.