வைகுண்டத்துக்கு முன் ஆறு பாம்புகள்

கூடலழகர் சத்தியமாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. காபி குடிக்காமல் எனக்குப் பொய் வராது. இன்று இன்னும் குடிக்கவில்லை.

எழுபத்தொன்றில் நானும் மொக்கையனும் ஆரப்பாளையத்தில் ஒரே அறையில் இருந்துகொண்டு பரமபத அட்டை தயாரித்தோம். புதுப்புது ஆட்டமாக யோசிப்பது அவன், வரைவது நான். திருவிழாக் கூட்டத்தில் நாங்களே விற்போம். ஏன் லேட்டு என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் வண்டியூர்ப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனியில் ஆட்டம் உருவாக்க ஆள் எடுத்தார்கள். மொக்கையன் மனுப் போட்டான்.

"மணியடிச்சா உள்ள, மணியடிச்சா வெளிய. அதுக்காடா இம்புட்டு மூளை ஒனக்கு?" என்றேன்.

"வேலை கிடைச்சாத்தான் வாரேன்னு சீனியம்மா பரவையில அவ ஆத்தா வீட்டுல உக்காந்திருக்காண்ணே. மூளைய வச்சு நான் குடும்பமா நடத்த முடியும்?"

சீனியம்மாள் அவன் மனைவி. அவளுக்காக ஒருவன் அடிமையாவதை நண்பன் என்கிற முறையில் நான் விட முடியாது. பகடையில் ஆறுக்கு மேல் விழாது. ஆகவே அவன் கம்பெனியில் காட்டவேண்டிய அட்டையில், வைகுண்டத்துக்கு முந்தைய ஆறு கட்டத்திலும் பாம்புத் தலை வரைந்தேன். பெட்டியில் வைத்துக் கட்டி, "பெயிண்ட் காயலடா, அங்க போய்த் தொற" என்று கொடுத்தேன்.

மானேஜர் அனந்தநாராயணன் ஆசாரமானவர். நாலு பேரோடு ஆட உட்கார்ந்தார். யாராவது வைகுண்டம் சேராமல் ஆட்டத்தை விட்டு எழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர் கட்சி. இட்லி அங்கேயே வந்தது. நாவிதரும் அங்கேயே வந்தார். நாலாம் நாள் மானேஜரின் சம்சாரம் அகிலாண்டம் வாசலில் நின்று, "இன்னும் எந்தப் பாம்பு வாயில இருக்கேள்?" என்று கேட்டாராம்.

ஐந்தாம் நாள், வரைந்தவனைக் கூட்டிவரச் சொன்னார்கள். தூரிகையோடு போய் ஒரு பாம்பை அழித்தேன். மானேஜர் வைகுண்டம் ஏறினார், எழுந்தார், என் பெயரைக் கேட்டார், மொக்கையனை வெளியே போகச் சொன்னார். வாசலில் அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க வராட்டி என் மானமே போயிருக்கும்ணே" என்றான்.

சீனியம்மாள் வரவே இல்லை. அவன் இன்றும் கோயில் வாசலில் அட்டை விற்கிறான், தனியாக. நினைத்த நேரம் எழுகிறான். அந்தச் சுதந்திரம் நான் கொடுத்தது. வருத்தப்படச் சொன்னால் மாட்டேன். இன்னொருத்தன் மணிக்கு ஓடுவது கேவலம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வருகிற தை முதல் தேதி அந்தக் கம்பெனியிலிருந்து நான் ஓய்வு பெறுகிறேன். பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட மணிக்குப் பிந்தியதில்லை.