துக்கம் கேட்க வந்தவர்கள்

இல்லை, கர்னலுக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தது தவறு. மீன் தலைக் கறியைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் சோறு கேட்டார். ரேஸ்கோர்ஸ் சாலைக் கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான், அதனால் தெரியும். ஒபெட் காணாமல்போனதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் மற்றதெல்லாம் கிட்டத்தட்ட சரி. அந்த ஒன்றைத் திருத்தத்தான் இந்த மின்னஞ்சலைத் தட்ட ஆரம்பித்தேன். ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று, முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ரித்திக். சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் வளர்ந்தவன். நான் வேலை செய்யும் நிறுவனம் சின்னது, பத்துப் பேர்கூட இல்லை. கேமராக்களில் மனிதர்களைத் தேடும் மென்பொருள் எழுதுகிறோம். முதலில் அதை மறதி நோய் உள்ள முதியவர்களுக்காகத்தான் செய்தோம். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு தாத்தா பேருந்து ஏறிப் போய்விட்டார். கிளமெண்டியில் ஒரு பூங்கா பெஞ்சில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவரை என் மென்பொருள்தான் கண்டுபிடித்தது. அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் எப்படிப்பட்டவன் என்று கேட்டால் முதலில் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஆப்பிரிக்காவில் ஒரு அரசாங்கம் அதை வாங்கியது. நாட்டின் பெயரை நான் சொல்லக் கூடாது, உங்களுக்குத்தான் தெரியுமே. பயிற்சிக்காகக் கர்னலும் அவருடைய அதிகாரிகளும் சிங்கப்பூர் வந்தார்கள். அமைதியான மனிதர்கள். குறிப்பு எடுத்தார்கள், நேரத்துக்கு வந்தார்கள், குப்பையைக் கீழே போடவில்லை. அவர்களுக்கு ஒரே ஒரு குறை. ஒபெட் என்ற வானொலிக்காரர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒபெட் கூட்டம் சேர்த்தவரோ கல் எறிந்தவரோ இல்லை. தேர்தலுக்குப் பிறகு யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்களோ, அவர்களுடைய பெயர்களைக் காலையில் வானொலியில் வாசித்தார். வானிலைக்கும் கால்பந்து முடிவுகளுக்கும் நடுவில், ஒரு கருத்தும் சொல்லாமல், வெறும் பெயர்கள். நிலையத்தை மூடினார்கள், அவர் தலைமறைவானார். தலைநகரத்துக்குள்தான் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் மென்பொருள் ஓடும் கேமராக்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருந்தன. ஆனாலும் அகப்படவில்லை. கைபேசி கிடையாது, முகத்தை மூடிக்கொள்வார், ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்கமாட்டார்.

எனக்கு அது உறுத்தியது. அரசியலைச் சொல்லவில்லை. என் மென்பொருளால் ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது.

மீன் தலைக் கறி சாப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் கர்னலை லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். புல்வெளி முழுக்கத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். அதில் அழகேசன் அண்ணனைப் பார்த்தேன். கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர், நான் வார இறுதியில் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வருவார்.

"யாரு தம்பி, புது பாஸா?"

"கஸ்டமர்ணே. ஆப்பிரிக்கா. போலீஸ்காரர்."

"போலீஸா? நம்மகிட்ட பரோட்டாதான்ப்பா இருக்கு. வேணும்னா அரெஸ்ட் பண்ணிக்கச் சொல்லு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கர்னலுக்கும் மொழிபெயர்த்தேன், அவரும் சிரித்துக்கொண்டே புல்லில் உட்கார்ந்தார். ஏன் எல்லோரும் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

"அது அப்படித்தான் சார். அந்த வெளக்குக் கம்பத்துப் பக்கம் அறந்தாங்கிக்காரங்க. இங்க நாங்க, பட்டுக்கோட்ட சைடு. எடம் மாறி உக்காந்தா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ஆனா ஒரு மாதிரி பாப்பாங்க."

கம்பெனியை விட்டு ஓடிப்போனவன்கூட வருவானா என்று கர்னல் கேட்டார். நான் அதையும் தமிழில் கேட்டேன்.

"நல்லாக் கேட்டாரு. ஒருத்தன் இருந்தான், பேரு வேணாம். எங்க இருக்கான்னே யாருக்கும் தெரியல. அவங்கப்பா செத்துப்போன சேதி வந்துச்சு. அந்த ஞாயித்துக்கெழம மொட்ட போட்டுக்கிட்டு நேரா இங்க வந்து உக்காந்துட்டான். புடிச்சாப் புடிக்கட்டும்னான். நாங்க சுத்தி உக்காந்து துக்கம் கேட்டோம். ஊருக்குப் போக முடியாதவனுக்கு நாமதான தம்பி ஊரு?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சாவுச் சேதி வந்தா எவனாலயும் ஒளிஞ்சிருக்க முடியாதுப்பா."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கர்னல் கையிலிருந்த பரோட்டாவைத் தாளில் வைத்தார். கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் ரயிலில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒளிந்திருப்பவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஒளியாதவர்களைத் தேட வேண்டும். அவருடைய ஊர்க்காரர்கள், கூடப் படித்தவர்கள், மாமன் மச்சான், இவர்களுக்கு ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. இவர்கள் வழக்கமில்லாத ஒரு நாளில், வழக்கமில்லாத ஓர் இடத்தில் கூடினால் நடுவில் இருக்கிறவர் அவர்தான். கொஞ்ச நாளில் எழுதி முடித்துவிட்டேன். அலுவலகத்தில் நாங்கள் அதைத் 'துக்கம் மோட்' என்றுதான் சொன்னோம். கர்னல் கேட்டார், பொருள் சொன்னேன். நல்ல பெயர் என்றார்.

ஆனால் அந்த மோட் வேலை செய்ய ஒரு துக்கம் வேண்டும். அதையும் நான்தான் கர்னலிடம் சொன்னேன். நெருங்கிய உறவில் ஒரு சாவு நடக்கும்வரை காத்திருங்கள், அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். காத்திருங்கள் என்றுதான் சொன்னேன். இதை நீங்கள் எழுதினால் அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

அந்த மாதமே ஒபெட்டின் அம்மா இறந்துபோனார். ஊரில் தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பி வரவில்லை, மறுநாள் கிணற்றில் இருந்தார் என்று உங்கள் கட்டுரையில்தான் படித்தேன். வயதானவர். வயதானவர்களுக்குக் கால் வழுக்கும்.

ஊருக்குப் போகும் சாலையில் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். அதனால் தலைநகரத்தில் இருந்த ஊர்க்காரர்கள் பேருந்துப் பணிமனையின் பின்சுவர் ஓரம் கூடினார்கள். எங்களுக்கு அப்போது பிற்பகல், அங்கே காலை. கர்னல் வீடியோ அழைப்பில் இருந்தார். திரையில் சுவரும் அதன் நிழலும் தெரிந்தன. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒரு பாத்திரத்தில் எதையோ கொண்டுவந்து வைத்தார்கள்.

மென்பொருளால் முடிவு சொல்ல முடியவில்லை. தலையில் துண்டு போட்டுக் குனிந்திருந்த ஆண்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் முகப் பொருத்தத்தில் குறைந்த மதிப்பெண்தான். அப்படி வந்தால் மனிதர் ஒருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கர்னலின் ஆட்களுக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் விட்டுவிடலாம், கூட்டம் கலைந்துவிடும் என்று கர்னல் சொன்னார். நிஜமாகவே சொன்னார். நான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்பீர்கள். துக்க வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? உள்ளே நுழைகிறவர் யாரிடமும் பேசமாட்டார், நேராக ஒருவரிடம் போவார், கையையோ தோளையோ தொடுவார். பிறகுதான் தனக்கு இடம் தேடுவார். யாரிடம் எல்லோரும் முதலில் போகிறார்களோ அவர்தான் இறந்தவருக்குப் பிள்ளை. அங்கேயும் அப்படித்தான். வந்தவர்கள் எல்லோரும் சுவரோரத்தில் இருந்தவரின் தலையைத் தொட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். எங்கேயோ இருக்கிற மனிதர்கள், நம்மைப் போலவே செய்கிறார்கள். எனக்குப் புல்லரித்தது என்றுகூடச் சொல்லலாம்.

அவரைக் குறியிட்டு 'உறுதி' என்பதை அழுத்தினேன்.

பிறகு கீழே போய்ப் பாலில்லாத கோப்பி-ஓ ஒன்று வாங்கினேன். மேலே வந்து பார்த்தபோது சுவர் ஓரத்தில் செருப்புகளும் அந்தப் பாத்திரமும்தான் இருந்தன. நான் ஒருவரைத்தான் காட்டினேன். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரையும் லாரியில் ஏற்றியது அவர்கள் முடிவு. பெண்கள் சிலர் திரும்பி வந்தார்கள், பயத்தில் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. மற்ற யாரும் வரவில்லை. ஒபெட் வரவில்லை.

என்னோடு வேலை செய்த வைஷாலி பதிவைப் பின்னால் ஓட்டி, நான் அழுத்திய இடம்வரை பார்த்துவிட்டாள். மறுநாள் என் மேசைக்கு வந்தாள்.

"நீதான் கன்ஃபர்ம் பண்ணியா?"

"ஆமா. சிஸ்டத்தால முடியல, நான் பண்ணினேன்."

"அந்தாளு அழுதுட்டு இருந்தாரு ரித்திக்."

"அம்மா செத்தா அழுவாங்கதானே லா."

"யார்கிட்ட போய் சொல்றது இத? அந்த ஊரு போலீஸ்கிட்டயா? ஆள தூக்கினதே அவங்கதான்," என்றாள்.

"அதான் சொல்றேன். நம்ம கையில என்ன இருக்கு?"

"உன் கையில இருந்துச்சுடா. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும்."

"தெரிஞ்சும் எப்படித் தெரியலன்னு சொல்றது? அது பொய் லா."

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டாள். இப்போது சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருக்கிறாள் என்று கேள்வி. அவள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வருத்தப்பட்டு அவளால் யாரையும் திருப்பிக் கொண்டுவர முடிந்ததா, இல்லையே.

வெளிநாட்டிலிருந்து கேள்விகள் வந்ததும் அங்கே ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். கர்னலின் மைத்துனர் தலைவர். அன்றைக்குப் பணிமனைக் கேமராக்கள் பழுதாக இருந்தன என்று குழு முடிவு செய்தது. பழுதாக இருந்ததா என்று எங்களைக் கேட்டார்கள். இருந்தது என்று சொன்னோம். சொன்ன பிறகு அது உண்மையாக இருக்க வேண்டும் அல்லவா, அதனால் அங்கே இருந்த பதிவை நான் அழித்தேன். கர்னல் இப்போது ஜெனரல். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினார், விளக்குப் படத்தோடு.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதில் எனக்குப் பயமில்லை. இதனால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, எனக்கும் ஆகப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் எழுதுகிறீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒபெட்டின் தங்கை ரூத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். எல்லைக்கு அப்பால் ஒரு முகாமில் இருக்கிறார். எங்கள் வாடிக்கையாளர் உதவி மின்னஞ்சல் பெட்டிக்கு எழுதினார். திட்டவில்லை. முகாமுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு சிறையாக அண்ணனைத் தேடி அலைந்திருக்கிறார், எல்லா வாசலிலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பணிமனையில் ஏதாவது கேமரா வேலை செய்திருந்தால், அண்ணனைக் கொண்டுபோனபோது உயிரோடு இருந்தாரா என்று மட்டும் சொல்லுங்கள், நான் அழுவதா காத்திருப்பதா என்று தெரியவில்லை என்று கேட்டிருந்தார். உதவிப் பெட்டியைப் பார்ப்பவனும் நான்தான். நான் எந்தக் கேள்வியையும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. பழுது காரணமாகப் பதிவு இல்லை, தங்கள் பொறுமைக்கு நன்றி என்று எழுதி முடித்துவைத்தேன். மறுபடி எழுதினார். மறுபடி முடித்துவைத்தேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. அங்கே அழிப்பதற்கு முன்னால் எடுத்துக்கொண்டது, மோடை மேம்படுத்த எனக்கு மாதிரி வேண்டியிருந்தது. நான் கீழே போயிருந்தபோது லாரி வந்ததும் நடந்ததை அதில்தான் பார்த்தேன். சுவரோரத்திலேயே அவரைச் சுட்டுவிட்டார்கள். லாரியில் ஏற்றியது உடலைத்தான். ரூத் காத்திருக்க வேண்டியதே இல்லை.

அதை அப்படியே அனுப்ப முடியாது, அனுப்பினால் பதிவு இருந்தது என்று ஆகிவிடும். அதனால் ஒரு யோசனை செய்திருக்கிறேன். முதல் சில நிமிடங்களை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறேன். எல்லோரும் வந்து அவர் தலையைத் தொடுகிறார்கள், யாரோ ஒரு அம்மா அவருக்கு ஒரு வாய் ஊட்டிவிடுகிறார். வெளிச்சம்கூட நன்றாக விழுந்திருக்கிறது. யார் அனுப்பியது என்று தெரியாமல் அனுப்பினால், அண்ணன் தனியாக இல்லை என்று அவருக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். உயிரோடுதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும், நானாகப் பொய் சொன்னதாக ஆகாது. எனக்கு இது நல்ல காரியமாகத்தான் படுகிறது. நீங்கள் அவருடன் பேசியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்: பார்த்தால் சந்தோஷப்படுவார் இல்லையா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?