கதவோரக் காற்று

என் தங்கைக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. கண்டிக்குப் போவதென்றால் முகர்ந்துகொள்ளத் தேசிக்காயும் வாந்தி எடுக்கச் சொப்பிங் பேக்கும் எடுத்துவைப்பது எப்போதும் என் வேலைதான். அன்றைக்கும் எடுத்துவைத்தேன். நீங்கள் அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள் சேர், நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் அஜந்தா. செத்துப்போனவள் சிவதர்ஷினி, எனக்கு ஒரே தங்கை. அப்பா மாத்தளைக் கச்சேரியில் அரசாங்க வேலைபார்த்தவர், இப்போது இல்லை. அம்மா தவமணிதேவிக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் வழங்காது, பேச்சும் போய்விட்டது.

அம்மா விழுந்தபோது நான் ஒரு தனியார் பாடசாலையில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருத்தி வீட்டில் நிற்க வேண்டியிருந்தது. “அக்கா, எனக்கு வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் அம்மாவுக்குப் பகல்ல ஒரு ஆள் வச்சுக்கலாம், ராவுல நான் பாத்துக்கிறேன். நீங்க ஸ்கூலுக்குப் போங்க” என்றாள் தர்ஷினி. நம்பி வேலையை விட்டேன். அவளுக்கு வேலை நிரந்தரமானது, பதவி உயர்வும் வந்தது. ஆள்தான் வரவில்லை. கேட்டால் பொங்கல் கழியட்டும் என்பாள், பிறகு தீபாவளி கழியட்டும் என்பாள்.

இந்த வருஷம் பாடசாலை அதிபரே கூப்பிட்டுச் சொன்னார், ஜனவரியில் கணக்குக்கு இடம் இருக்கிறது, விரும்பினால் வரலாம் என்று. தர்ஷினியிடம் சொன்னேன். “சரிக்கா, போங்க” என்றாள். வாயால் சொன்னாள், சேர். பெட்டியிலிருந்த சேலைகளை எடுத்து வெயிலில் போட்டேன். அன்று முழுக்க எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

அடுத்த கிழமைதான் கண்டிக்குப் போவோமா என்று கேட்டாள். ஒருநாள் சும்மா சுத்திட்டு வருவோம் அக்கா, உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும் என்றாள். அம்மாவைப் பக்கத்து வீட்டு ஸஜீதாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். போகும்போது அவளுக்கு வாந்தி வரவில்லை. தேசிக்காயை முகர்ந்துகொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

வாவியோரமாக நடந்தோம். எனக்கு ஒரு நீலச் சேலை வாங்கித் தந்தாள். பாடசாலைக்குக் கட்டிப்போகத்தான் என்று நினைத்தேன். மடச்சி நான். சாப்பிட்டு முடித்து ஐஸ்கிரீம் வந்த பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

“நான் கனடாவுக்குப் போறேன் அக்கா. மதுரனோட கல்யாண ரெஜிஸ்டர் முடிஞ்சிருச்சு. விசாவும் வந்திருச்சு.”

மதுரன் யார் என்று நான் கேட்கவில்லை. “அப்ப அம்மாவ யாரு பாக்குறது?” என்றுதான் கேட்டேன்.

“நீங்கதான். உங்க கைய விட்டா அம்மா யாருகிட்ட சாப்பிடுவாங்க?”

“ஸ்கூல் வேலை?”

“ஐஸ்கிரீம் உருகுது அக்கா, சாப்பிடுங்க.”

சாப்பிட்டேன். கத்தவில்லை. எனக்குக் கத்திப் பழக்கமில்லை. என்னை உட்காரவைத்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, அழுகிற பிள்ளையை ஏமாற்றுகிற மாதிரி ஏமாற்றினாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் சொல்லியிருந்தால் ஒருவேளை அழுதுவிட்டு அத்தோடு விட்டிருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சரியான சனம். எப்படியோ முன்பக்கம் இடம் கிடைத்தது. அலவத்துகொட தாண்டியதும் தர்ஷினியின் முகம் வெளுத்தது. சொப்பிங் பேக் கொண்டுவந்தீங்களா என்று கேட்டாள். என் கைப்பையில்தான் இருந்தது. இல்லை என்றேன். அந்தப் பொய் ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

கொண்டக்டர் நப்லான் நல்ல பையன். வாந்தி வருகிறவர்களைக் கதவோரம் நிற்கவிடுவது அந்த வழியில் வழக்கம், உங்களுக்கும் தெரியும். அவனும் அதைத்தான் செய்தான். “தங்கச்சிய கதவுகிட்ட கூட்டிட்டு வாங்க அக்கா, காத்துப் பட்டா சரியாகும். நீங்க நல்லாப் புடிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு டிக்கட் போடப் பின்னால் போனான். கதவு திறந்துதான் கிடந்தது. எந்த பஸ்ஸில் கதவை மூடுகிறார்கள்?

அவள் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி நின்று வெளியே குனிந்தாள். மற்றக் கையை நான் பிடித்திருந்தேன். ஒருத்தி வாந்தி எடுக்கும்போது பஸ்ஸில் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிடுவார்கள். டிரைவருக்கு வளைவில் கண். அக்கா முதுகைத் தடவிவிடுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். உண்மையில் நானும் முதலில் தடவித்தான் விட்டேன்.

கம்பியிலிருந்து கையை எடுத்து வாயைத் துடைத்தாள். என்னை நம்பித்தான் எடுத்தாள். அவளுடைய பாரம் முழுவதும் என் கையில் இருந்தது. “அக்கா, விட்டுராதீங்க” என்றாள். பலகடுவ வளைவில் பஸ் திரும்பியது. பிடி நழுவியது என்று போன தடவை உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். நழுவவில்லை. விட்டேன். விட்டும் அவள் கதவு விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அதனால் முதுகில் கையை வைத்துத் தள்ளினேன். பிறகுதான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

நீங்கள் நினைப்பதுபோல மனசாட்சி உறுத்தி நான் இங்கே வரவில்லை. மரணவீட்டில் வந்தவர்கள் எல்லாரும், பாவம், கனடாவுக்குப் போக இருந்த பிள்ளை, பாவம், என்று அவளுக்காகவே அழுதார்கள். சரி, அழட்டும். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? “நல்ல காலம், அம்மாவுக்கு நீங்க இருக்கீங்க.” ஒருத்தர் தவறாமல் அதையே சொன்னார்கள். சீ, இதுகளும் மனுஷர்களா என்று எனக்கு வந்தது. அவள் செத்தும் எனக்கு அந்தக் கட்டிலும் கஞ்சிக் கோப்பையும்தானா? ஜனவரியில் நான் எங்கே போக இருந்தேன் என்று ஒரு சனம் கேட்கவில்லை.

நீங்கள் பிடித்து அடைத்த நப்லான் பிணையில் வந்ததும் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். “நான்தான் அக்கா கதவுகிட்ட நிக்கச் சொன்னேன், என்னய மன்னிச்சிருங்க” என்று காலில் விழப் பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அடித்திருப்பேன். நான் செய்ததை அவன் ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு அலைய வேண்டும்? அவனை விட்டுவிடுங்கள். செய்தது நான்.

அம்மாவுடன் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். யாரும் இல்லை. காலையில் கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, கதவைப் பூட்டிவிட்டு வந்தேன். சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. ஸஜீதாவுக்குச் சொல்லவில்லை, அவளுக்கு அவள் பாடே பெரும்பாடு. ஏன் சேர் அப்படிப் பார்க்கிறீர்கள்? கனடாவுக்குப் பறக்க நின்றவள் அவள். பெற்ற தாயை விட்டுவிட்டுப் போகிற மனசு எனக்குக் கிடையாது.