தொதல் டப்பாவும் காலில்லாத ஆந்தையும்

எனக்குப் பறவைகள் என்றால் பிரியம்தான், சாதிக் மச்சான். இந்தக் குவைத் மங்காஃப் ஃபிளாட்டின் பால்கனிக்கு வரும் புறாக்களுக்குத் தினமும் அரிசி போடுவது நான். ஆகவே வெறுப்பில் வெட்டினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முதலில் ஆந்தையின் கால்களை எடுத்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கழுகு. காடைக்குஞ்சுதான் கொஞ்சம் மனதைப் பிசைந்தது. இருந்தாலும் பாரபட்சம் கூடாது. சவர பிளேடு புதிது. எதுவும் சத்தம் போடவில்லை. படத்தில் இருப்பவை எப்படிச் சத்தம் போடும்?

யோசித்தால் இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. கெய்ரோ போய்வந்து, எகிப்து எழுத்துகள் நிறைந்த அந்தப் படத்தைத் தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியது நீங்கள்தான். அன்று நீங்களே சொன்னீர்கள்:

"அந்தக் காலத்துல கல்லறைக்குள்ள எழுதுறப்ப, சில பேரு பறவை எழுத்துக்குக் காலே போட மாட்டாங்களாம் மாப்புள. உசுரு வந்து, மவுத்தானவங்களுக்கு வச்ச சாப்பாட்டத் தின்னுரும்னு பயமாம்."

கீழக்கரையிலிருந்து மாமி கொடுத்துவிட்ட தொதல் அல்வாவை உங்கள் தங்கச்சி நஸீரா அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் வைத்தாள். வெள்ளிக்கிழமை என் மகள் ஹிஃப்ஸாவின் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டாருக்கான தொதல். எனக்குச் சுகர் என்பதால் என்னைப் பார்த்து, "ஒரு துண்டு கொறஞ்சாலும் சம்பந்தி முன்னால என் மானம் போயிரும், கேட்டுச்சா?" என்றாள். கேட்டது. அதனால்தான் காவலுக்கு உட்கார்ந்தேன்.

அன்றே ஓர் ஓரம் குறைந்தது. அறையில் நானும் பறவைகளும் மட்டும். நானோ சுகர்காரன். கால்களை எடுத்தேன்.

ஆந்தை வாய் வைத்ததைச் சம்பந்திக்குக் கொடுக்க முடியாது. எனவே அந்த ஓரத்தை வெட்டினேன். வெட்டியதைக் குப்பையில் போடுவது பாவம். மறுபக்கமும் சந்தேகமாக இருந்தது. நடுவில் ஒரு முந்திரி கோணலாக இருந்தது. கிளினிக்கில் என் சுகர் ஏறியிருப்பதாகச் சொன்னார்களே, அது இந்தக் கவலையால்தான்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்கிறீர்கள். வேலிக்கு வாய் கிடையாது, மச்சான். ஆந்தைக்கு உண்டு.

இன்று வியாழன். டப்பா துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. நஸீரா அடுக்களையில் அழுகிறாள், எனக்கும் தாங்கவில்லை. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். கால்களை வெட்டினேன், இறக்கைகளை விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கும் மாமி ஒரு டப்பா கொடுத்துவிட்டாராமே. அதைக் கொண்டுவந்து கொடுங்கள். இறக்கைகளை இப்போதே எடுத்துவிடுகிறேன். காவலுக்கு நானே இருக்கிறேன்.