எட்டால் வகுக்க மூன்று முறை பாதி

பெருக்கலைப் பேச்சாகவும் வகுத்தலை மூச்சாகவும் கொண்டு, குழந்தைகள் வார்டை அன்பாலும் அதட்டலாலும் ஆண்டு, முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் இன்று பணி ஓய்வு பெறும் தலைமைச் செவிலியரே! கால்குலேட்டரையே கலங்கடித்த கணக்குப் புலியே! எங்கள் அக்காவே!

வணக்கம். இம்மடலை அமைதியாக, அழகாக, அடுக்குமொழியில் எழுதவே ஆசைப்பட்டோம். ஆனால் இது ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே, நின்றுகொண்டே, நான்கு கை மாறி எழுதப்பட்டது. வாசிக்கும் எனக்கு ஒரு காது இந்த மேடையிலும் மறு காது வார்டின் அழைப்பு மணியிலும் இருக்கிறது. நாளை காலை ஏழு மணிக்கு நீங்கள் இல்லாத முதல் ஷிப்ட் தொடங்குகிறதே என்ற பயமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் புகழ எங்களுக்குத் தெரியவில்லை.

கடமையின் கண்ணே! பதினெட்டுக் கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்தென்றால், "பத்தால பெருக்கு, நூத்தி எண்பது. அதுல பாதி தொண்ணூறு. சேத்தா இருநூத்தி எழுபது" என்று நாங்கள் மருந்துத் தட்டை எடுப்பதற்குள் சொல்லிவிடுவீர்கள். அதோடு விட்டீர்களா? எதிரே நிற்பவர் வேறு வழியில் அதே விடைக்கு வந்தாக வேண்டும். இருபது பதினைந்து முந்நூறு. அதில் இரண்டு பதினைந்து முப்பதைக் கழித்தால் இருநூற்று எழுபது. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஊசி. "தலையாட்ட ஒரு பொம்மை போதும், எனக்கு நர்ஸ் வேணும்" என்பீர்கள். 'ரெண்டாவது வழி' என்று நாங்கள் வைத்த பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தோம். முதல் வாரமே தெரியுமாம்.

ஒருமுறை, இதை வாசிக்கும் நான், போனில் கணக்குப் போட்டபோது ஒரு தசமப் புள்ளியை விட்டுவிட்டேன். பத்து மடங்கு மருந்து சிரிஞ்சில் ஏறிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "போன் பொய் சொல்லாதும்மா. நீ உளறினதை அப்படியே திருப்பிச் சொல்லும்" என்றீர்கள். ஒரு மாதம் உங்கள் முகத்தில் விழிக்காமல் ஓடி ஒளிந்தேன். அவ்வளவு கோபம், அவ்வளவு வெட்கம்.

இனி, சென்ற செவ்வாய்க்கிழமை. இதய நோயுள்ள சிறுமிக்கு ஐந்நூறு மில்லி குளுக்கோஸ், எட்டு மணி நேரம் ஓட வேண்டும்; வேகமாக ஏறினால் அந்த இதயம் தாங்காது. உங்கள் வழி எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். எட்டால் வகுக்க மூன்று முறை பாதி: இருநூற்றைம்பது, நூற்று இருபத்தைந்து, அறுபத்திரண்டரை. அது மணிக்கு ஓட வேண்டிய மில்லி; மில்லிக்கு இருபது சொட்டு என்பதால், அதை மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய இருபத்தொரு சொட்டு. ஆனால் அன்று இரண்டாவது பாதியில் யாரோ பீரோ சாவி கேட்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி, மூன்றாவது பாதி போடாமலே, "நாப்பத்திரண்டு" என்றீர்கள். சொட்டைத் திருகும் சக்கரத்தில் உங்கள் விரல் இருந்தது. நான் பின்னோக்கிப் பெருக்கினேன்.

"அக்கா, நாப்பத்திரண்டுன்னா மணிக்கு நூத்தி இருபத்தாறு மில்லி. பாட்டில் நாலு மணி நேரத்துல காலியாயிடும். நமக்கு எட்டு மணி நேரம் ஓடணும்."

நீங்கள் இருபத்தொன்றுக்குத் திருகி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் சொட்டுகளை எண்ணினீர்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். ரவுண்ட்ஸ் நேரத்தில் நீங்கள் உட்கார்ந்து யார் பார்த்தது?

அன்றிலிருந்து வார்டில் இதே பேச்சு. எங்களைச் சோதித்தீர்களா, நிஜமாகவே தவறினீர்களா? பொறுக்க முடியாமல் நான் கேட்டேவிட்டேன். கை கழுவிக்கொண்டே, "பாட்டில் எட்டு மணி நேரம் ஓடுச்சுல்ல? போய் வேலையப் பாரு" என்றீர்கள்.

எங்களுக்கு இன்னும் மனம் ஆறவில்லை அக்கா. சோதனை என்றால் சரி. தவறென்றால், முப்பத்தொரு ஆண்டுகளும் உங்களையே நீங்கள் முழுதாக நம்பாமல்தான் எங்களை எதிரே நிறுத்தினீர்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது. எங்களைச் சந்தேகித்ததாக எண்ணி முதுகுக்குப் பின்னால் திட்டித் தீர்த்தோமே, பொறுத்தருள்க!

எந்த மருந்துச் சீட்டுக்கும் கணக்குப் போடத் தேவையின்றி, நோயின்றி, நொடிப்பின்றி, நிமிர்ந்த நடை தளராமல் நெடுங்காலம் வாழ்க! கேட்டால் கோபப்படுவீர்கள், ஆனாலும் அவ்வப்போது வார்டுக்கு வந்து எட்டிப் பாருங்கள்.

என்றும் உங்கள் எதிரே நிற்கும்,
குழந்தைகள் வார்டுச் செவிலியர்கள்

பின்குறிப்பு: கீழே இரண்டு கையொப்பங்கள் குறைகின்றன. அந்த இருவரும் இப்போது வார்டில், ஒரே கணக்கை ஆளுக்கொரு வழியில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.